அம்மை போட்ட மாத்திரை

பாரசிட்டமால் தூளை மட்டும் எடுத்து இயந்திரத்தில் போட்டு எவ்வளவு அழுத்தினாலும் அது மாத்திரையாக நிற்காது. வெளியே வந்ததும் மேல்பாதி தொப்பி போலக் கழன்று விழும். அதைப் பிடித்து நிறுத்த ஒரு பசை வேண்டும். பசை குறைந்தால் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே பொடியாகிவிடும். கூடினால் வயிற்றில் கரையாமல் கல்லாகக் கிடக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் சின்ன இடத்தைத் தேடுவதுதான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக என் வேலையாக இருந்தது. இப்போது எனக்கு வயது எழுபத்து மூன்று. இன்றைக்கும் யாராவது என் முன்னால் மாத்திரை எடுத்தால் அது எதற்கான மருந்து என்று பார்ப்பதற்கு முன் அதன் விளிம்பைத்தான் பார்க்கிறேன்.

இந்த ஆறு மாதமாக எனக்குள் ஒரு பரபரப்பு. காலையில் எழுந்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பத் தோன்றுகிறது. மரத்துப் பிசின் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அரை மணி நேரம் விடமாட்டேன். அந்தப் பரபரப்பை எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு அடியில் நான் செய்த ஒரு தவறு கிடக்கிறது. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

நான் வேலை பார்த்தது மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, பழைய ஈயச் சுரங்கம் தோண்டிப் போட்ட மணல்வெளியை ஒட்டி இருந்த ஒரு சிறிய மருந்துத் தொழிற்சாலை. கிளினிக்குகளுக்கு மலிவான மாத்திரைகள் செய்துகொடுத்தோம். அப்போது சில மாத்திரைகளுக்கு ஜெலட்டின் பசைதான் போட்டோம். அது மாட்டு எலும்பா, பன்றித் தோலா என்று மலாய் வாடிக்கையாளர்கள் கேட்க ஆரம்பித்தார்கள். சைவம் சாப்பிடும் நம்மவர்களும் கேட்டார்கள். மரத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா பார் என்றார் முதலாளி. மாத்திரைகளை வடிவமைக்கும் பிரிவுக்கு நான் பொறுப்பாளன். வெளிநாட்டுக் கருவேலம் பிசினைப் பற்றிப் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

தொழிற்சாலையில் ஈரத்தூளைப் பிசையும் அறையைத் தொழிலாளர்கள் மாவு ரூம் என்பார்கள். அங்கே வேலை செய்த ஓர் அக்கா, ஒருநாள் கையில் கட்டியாக ஏதோ வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"சார், பின்னால மணல் காட்டுல காஜு மரம் நிக்குதே, பாத்திருக்கீங்களா? காயம் பட்ட எடத்துல கண்ணாடி மாதிரி வடிஞ்சு நிக்குது. சின்னப் பிள்ளையில நாங்க இத வச்சித்தான் பட்டம் ஒட்டுவோம்."

"நல்லா ஒட்டுமா?"

"காகிதம் கிழியும், ஒட்டு பிரியாதுலா."

காஜு என்று அவர் சொன்னது முந்திரி மரத்தை. அந்தக் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்தேன். தெளிந்த, இழுபடும் பசை. விரலில் தொட்டவுடனே தெரிந்துவிட்டது.

அந்த அக்காவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவரும் நானும் ஒரே ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்கள். சுங்கை சிப்புட் பக்கம். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். பதினான்கு வயதிலேயே பால்மரம் சீவப் போய்விட்டார். நான் ஈப்போவில் படித்து, பினாங்கில் பட்டம் வாங்கி, டை கட்டிக்கொண்டு வந்தவன். முதல் நாளே அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். தாழ்வாரத்தில் யாருமில்லாதபோது மட்டும், "தம்பி, அம்மா நல்லா இருக்காங்களா?" என்பார். ஆள் வந்துவிட்டால் உடனே சார். அப்படிச் செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. நான் எங்கிருந்து வந்தேன் என்பதை மறைக்கிறேன் என்று என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

பன்னிரண்டு மரங்களை அவரே தேர்ந்தெடுத்தார். ரப்பர் சீவும் அதே கத்தியால், பட்டையைத் தாண்டாமல் சாய்வாக ஒரு கோடு. கீழே ஒரு தகரத் துண்டு. அதற்கும் கீழே மங்கு. பால் பிடிக்கும் கிண்ணத்தை நாங்கள் மங்கு என்றுதான் சொல்வோம். வெயிலில் பிசின் பட்டையிலேயே கட்டியாகும். மழைக்காலத்தில் இளகி மங்கில் சொட்டும். மங்குகளை வெந்நீரில் மூன்று தடவை கழுவினார். சோதனை தேறினால் அவரை ஆய்வுக்கூடத்துக்கு உதவியாளராக மாற்றுவதாக முதலாளி வாக்குக் கொடுத்திருந்தார். "வெள்ளக் கோட்டு எனக்கு இடுப்புல பிடிக்கும் சார், பெருசா சொல்லி வைங்க" என்று அப்போதே சொல்லிவிட்டார்.

சோதனைக்கு முந்தைய வாரம் விடாத மழை. ஒருநாள் அக்காவுக்குக் காலை வேலை. நான் மட்டும் குடை பிடித்துக்கொண்டு மரங்களைப் பார்க்கப் போனேன். இரண்டு மங்குகளில் வெள்ளையாகப் பூஞ்சை இழை படர்ந்திருந்தது. இன்னும் ஒரு நாள் விட்டால் எல்லாம் கெட்டுவிடும் என்று பயந்தேன். ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, அமோனியாப் புட்டியை எடுத்துவந்து, பன்னிரண்டு மங்குகளிலும் சில துளிகள் விட்டேன்.

தோட்டத்தில் வளர்ந்தவன்தான் அப்படிச் செய்வான். மழை நாளில் ரப்பர்ப் பால் மங்கிலேயே உறைந்து கெட்டுப்போகும். உறையாமலிருக்க அமோனியா விடுவார்கள். பள்ளிக்குப் போவதற்கு முன்னால் அம்மாவின் பின்னாலேயே புட்டியோடு ஓடி, மரத்துக்கு மரம் துளி விடுவது என் வேலை. அந்தப் பழக்கம் என் கையில் இருந்தது. ஆனால் பழக்கத்தின் மேல் பழியைப் போட முடியாது. புட்டியை எடுக்க மரத்திலிருந்து ஆய்வுக்கூடம் வரை நடந்தேன். அந்த நடையில் யோசிக்க நேரம் இருந்தது. பால் வேறு, பிசின் வேறு என்று முதலாம் ஆண்டு மாணவனுக்குத் தெரியும். நான் யோசிக்கவில்லை. குறிப்பேட்டிலும் எழுதவில்லை.

மாத்திரைகள் அழகாக வந்தன. வெள்ளை வெளேர் என்று, விளிம்பு கூர்மையாக. முதலாளி ஒன்றை மேசைமேல் தட்டிப் பார்த்துச் சிரித்தார். சூடும் ஈரமும் உள்ள அறையில் சில வாரம் வைத்துப் பார்ப்பது வழக்கம். வைத்தோம். மூன்றாம் வாரம் திறந்தபோது மாத்திரைகளின் மேலெல்லாம் பழுப்புப் புள்ளிகள். அம்மை போட்டது போல.

பார்த்த அந்தக் கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. உறுதிப்படுத்திக்கொள்ள, மரத்திலிருந்து புதிதாக எடுத்த பிசினைக் கரைத்து ஒரு சொட்டு அமோனியா விட்டுச் சூடு காட்டினேன். சற்று நேரத்தில் தேத்தண்ணி நிறம். பாரசிட்டமாலும் அமோனியாவோடு சேர்ந்தால் பழுப்பேறும். சோதனைக் குழாயைக் கழுவி வைத்துவிட்டுக் கூட்டத்துக்குப் போனேன்.

"யார் சேகரித்தது?" என்று முதலாளி கேட்டார்.

சுத்தமாகச் சேகரிக்கவில்லை, பட்டைத் துகள் கலந்திருக்கிறது என்றேன். அப்படியே அறிக்கையும் எழுதிக் கையெழுத்திட்டேன். ஏன் என்று பின்னால் பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். வேலை போகும் என்ற பயம் இல்லை. தோட்டத்துப் பையன் புத்தி, மங்கைப் பார்த்ததும் அமோனியா ஊற்றிவிட்டான் என்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரிப்பார்களே என்ற பயம்தான்.

முதலாளி பிசினைக் கைவிட்டு மக்காச்சோள மாவுப் பசைக்குப் போனார். அக்காவை மாவு ரூமிலிருந்தும் எடுத்து, மாத்திரை அட்டைகளைப் பெட்டியில் அடுக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். போவதற்கு முன் என்னிடம் வந்தார். "சார், எதுல தப்பு? மங்க மூணு தடவ கழுவுனேனே." நான், "பரவாயில்லை, விடுங்க" என்றேன். பெரிய மனது பண்ணி அவரை மன்னிப்பவன் போல. நான் செய்ததில் இதுதான் ஆகக் கீழானது.

ஓய்வு பெறும்வரை அவர் அங்கேயே இருந்தார். அங்கிருந்த பெண்கள் அவருக்கு 'அம்மை அக்கா' என்று பெயர் வைத்தார்கள். "அம்மை அக்கா தொட்ட பெட்டிய தனியா வை, நமக்கும் போட்டுரும்" என்று சொல்லிச் சிரிப்பது என் அறைவரை கேட்கும். கதவைச் சாத்திக்கொள்வேன்.

ஆறு மாதத்துக்கு முன், அரசாங்கக் கிளினிக்கில் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மாள் மாத்திரையைப் பாதியாக உடைக்க முயன்றார். அது கையிலேயே தூளாகிவிட்டது. அக்கா.

"பாத்தியா தம்பி, ஒங்க ஆளுங்க பண்ற மாத்திரைய. மாவாட்டம் போவுது."

"பசை போதலக்கா."

"நம்ம காஜு பிசின் போட்டிருந்தா ஒடஞ்சிருக்குமா? என் கைதான் சுத்தமில்லாமப் போச்சு." கைக்குட்டையில் தூளைத் தட்டிவிட்டார். "இன்னிக்கு வரைக்கும் மண்டைய கொடையுது. எதுல தப்பு விட்டேன்னு தெரியல. செத்து மேல போனா ஆண்டவர்கிட்ட மொத கேள்வி அதான்."

விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அழைப்பு எண் வந்ததுகூடக் கேட்கவில்லை. அவர் கை சுத்தமாகத்தான் இருந்தது என்று அவருக்குத் தெரிய வேண்டும். வெறும் வாயால் சொன்னால், வயதானவன் ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று நினைப்பார். மாத்திரையாகவே காட்ட வேண்டும். பேருந்தில் வீடு திரும்பும்போதே எண்ணெய்க் கடை ரசீதின் பின்னால் அளவுகளை எழுத ஆரம்பித்துவிட்டேன். பல ஆண்டுகளுக்குப் பிறகு கை வேகமாக ஓடியது.

முன்பு என்னிடம் வேலை பார்த்த ஒரு பெண் இப்போது ஈப்போவில் ஒரு கல்லூரியில் மருந்தியல் விரிவுரையாளர். சனிக்கிழமை மதியங்களில் ஆய்வுக்கூடத்தைத் தர ஒப்புக்கொண்டார். அக்கா இருப்பது ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில். வீட்டுக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் ஆறு காஜு மரங்கள். மறுபடியும் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

"என் கையாலயா? போ தம்பி. இன்னொரு தடவ அம்மை போட்டா தாங்கமாட்டேன்."

"இந்தத் தடவ ரெண்டு விதமா செய்வோம். ஒப்பிட்டுப் பாக்கணும்."

ஒரு வாரம் இழுத்தடித்தார். அடுத்த வாரம் அவரே கூப்பிட்டு, "கத்தி தீட்டிட்டேன், வா" என்றார்.

எழுபத்தாறு வயதில் அவர் போட்ட வெட்டுக்கோட்டைப் பார்க்க வேண்டுமே. அளவுகோல் வைத்தது போல. மழைக்காலம்தான். நான்கு நாளில் மங்குகளில் பிசின் தேங்கியது. ஐந்தாம் நாள் நான் பையிலிருந்து அமோனியாப் புட்டியை எடுத்தேன். மூன்று மங்குகளில் விட வேண்டும், மற்ற மூன்றில் கூடாது. அதுதான் சோதனை. காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், சொல்லாமலே மூடியைத் திறந்தேன்.

வாடை அடித்ததும் திரும்பிப் பார்த்தார். முதல் மங்கில் துளி விழுந்தது. கத்தி பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது.

"பிசினுக்கு எதுக்கு அமோனியா?"

என் கையையும் புட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். பால்மரத்தடியில் வளர்ந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"அப்பவும் நீதான் ஊத்துனியா?"

"ஆமாக்கா."

"எத்தன மங்கு?"

"பன்னெண்டுலயும்."

"எதுக்கு?"

"பூஞ்சை பிடிச்சிருந்தது. அம்மா பின்னால ஓடுன பழக்கம்."

"பழக்கம் சரி. தப்பு எல்லாத்துக்கும் வரும். வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன சுசா, என்ன கஷ்டம் ஒனக்கு?"

சொன்னேன். தோட்டத்துப் பையன் என்று தெரிந்துவிடுமோ என்று பயந்ததைச் சொன்னேன்.

"அட மடையா. நீ தோட்டத்துப் பையன்னு அந்த கம்பெனில தெரியாதவன் யாரு? காலையில மழை பேஞ்சா சன்னல்கிட்ட போய் நின்னு 'இன்னிக்கு பால் வெட்டு இல்ல'ன்னு மொணமொணப்ப. சீனன் முதலாளிக்குக் கூடத் தெரியும். நீ மட்டும்தான் யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டிருந்த."

எனக்குத் தலை நிமிரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். அவர் கத்தியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார்.

"மன்னிப்பு கேக்கறதுன்னா எங்க ஃபாதர்கிட்ட போய் கேளு."

"நான் கோயிலுக்குப் போற ஆளுக்கா."

"அப்ப ஐயர்கிட்ட கேளு. எனக்கு வேண்டியது வேற." கத்தி முனையால் மங்குகளைக் காட்டினார். "ஊத்து. அந்த மூணுக்கும் ஊத்து. இந்த மூணு மங்குகிட்ட கால் வச்ச, வெட்டிப்புடுவேன்."

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு பிசினையும் தனித்தனியாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஆல்கஹாலில் ஊற்றினோம். தெளிந்த நீரில் வெள்ளை இழைகள் திரண்டு எழுந்தன. "இடியாப்பம்லா" என்றார் அக்கா. அது வரைக்கும் என்னோடு பேசாமல் விரிவுரையாளரோடு மட்டும் பேசிக்கொண்டிருந்தவர், அதை என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இழைகளை உலர்த்திப் பொடித்துப் பசையாக்கி, மருந்துத் தூளில் சேர்த்துப் பிசைந்தோம். பதம் பார்க்க ஒரு வழிதான் உண்டு. ஒரு பிடி எடுத்துக் கையை இறுக்க வேண்டும். திறந்தால் கொழுக்கட்டையாக நிற்க வேண்டும். விரலால் தொட்டால் இரண்டாகப் பிளக்க வேண்டும், ஒட்டவும் கூடாது, உதிரவும் கூடாது. நான் இரண்டு தடவை தப்பாகச் சொன்னேன். அக்கா கையுறை போட்ட கையால் ஒரே தடவை அழுத்திப் பார்த்து, "இன்னும் ரெண்டு சொட்டு தண்ணி" என்றார். விட்டோம். பிளந்தது.

சலித்து, உலர்த்தி, அந்தக் கல்லூரியின் சின்ன இயந்திரத்தில் மாத்திரையாக அடித்தோம். ஒவ்வொன்றாகக் குழியிலிருந்து எழும்பி வரும்போது நான் எண்ணவில்லை, சும்மா பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றுகூடத் தொப்பி கழலவில்லை. உருட்டிப் பார்க்கும் கண்ணாடி உருளையில் போட்டோம். நூறு சுற்று. சுற்றுக்கு ஒரு தடவை மாத்திரைகள் மேலேறி, தொப்பென்று விழுந்தன. நின்றதும் மூடியைத் திறந்தேன். அடியில் விரலில் ஒட்டும் அளவுக்குத்தான் தூள். அடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஏறி இறங்கும் கூடையில் போட்டோம். சில நிமிடங்களில் மெல்ல வீங்கி, விரிந்து, பஞ்சாகக் கரைந்தன. உடைய வேண்டாத இடத்தில் உடையாமல், கரைய வேண்டிய இடத்தில் கரைந்து. முப்பது வருடம் நான் தேடிய அந்தச் சின்ன இடம் இதுதான். கால்வாய் ஓரத்து மரத்தில், இரண்டு கிழங்களின் கையில்.

ஆனால் இதெல்லாம் போன தடவையும் நடந்தது. புள்ளி வருமா வராதா என்பதுதான் கேள்வி. இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் போட்டு சூட்டு அலமாரியில் வைத்தோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அக்கா எனக்கு முன்னால் வந்து அலமாரி வாசலில் நிற்பார். முதல் வாரம் இரண்டும் வெள்ளை. இரண்டாம் வாரமும் வெள்ளை. "நீ சொல்றது நெசமா, இல்ல என்னைச் சமாதானப்படுத்த கத கட்டுனியா?" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. என் குற்றம் நிரூபணமாக வேண்டும் என்று அப்படி ஏங்கினேன்.

மூன்றாம் வாரம் விரிவுரையாளர் புட்டிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அமோனியா விட்டதில் அம்மை போட்டிருந்தது. மற்றது சுண்ணாம்பு போல வெள்ளை. அக்கா அந்த வெள்ளைப் புட்டியை வாங்கி, மாத்திரைகளைக் கையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். கடைசி மாத்திரை வரை பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை சர்ச்சுல பூசை முடிஞ்சு வா" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

பெட்டி அடுக்கும் பகுதியில் இருந்த பெண்கள், சர்ச்சுக்கு எதிரே உள்ள காப்பிக் கடையில் மாதம் ஒரு முறை கூடுவார்களாம். கோயிலுக்குப் போகிறவர்களும் வருவார்களாம். நான்கு பேர் இருந்தார்கள். எல்லாருக்கும் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் பழைய பழக்கத்தில் எழப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.

"உக்காந்தே சொல்லு" என்றார் அக்கா. "யாரும் தூக்குல போடல."

உட்கார்ந்து சொன்னேன். மழை, பூஞ்சை, அமோனியா, நான் எழுதிய அறிக்கை. சுற்றி வளைக்கவில்லை. முடித்தபோது மேசையில் யாரும் காப்பியைத் தொடவில்லை. அந்தப் பட்டப்பெயரை முதலில் வைத்தவர், அந்தக் காலத்தில் அவர்களுக்கெல்லாம் தலைவியாக இருந்தவர், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப இத்தன வருஷமா நாங்க தப்பான ஆளயா கிண்டல் பண்ணோம்?" பிறகு என்னைப் பார்த்தார். "சார், இப்ப ஒங்களுக்கு என்ன பேரு வைக்கிறது?"

இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அக்கா சிரிக்கவில்லை. இரண்டு புட்டிகளையும் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார்.

"பேரு அப்புறம் வைங்க. மொதல்ல இத ஒடைங்க."

ஆளுக்கொரு வெள்ளை மாத்திரை கொடுத்தார். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்கள். ஒருவர் பல்லில் கடிக்கப் போனார், இன்னொருவர் தடுத்தார். யாராலும் உடைக்க முடியவில்லை. தலைவி கரண்டிக் காம்பால் நசுக்கிப் பார்த்துவிட்டு, தன் மாத்திரையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"மன்னிச்சிருடி" என்றார் அக்காவிடம்.

"ஒன்ன மன்னிச்சாச்சு." அக்கா காப்பியை எடுத்துக் குடித்தார். என் பக்கம் கண்ணைக் காட்டினார். "இந்த ஆளுக்குத்தான் இன்னும் யோசிக்கணும்."

யோசியுங்கள் என்றேன். விரிவுரையாளருக்கு மாணவர்களின் சோதனைக்காக இன்னும் பிசின் வேண்டுமாம். எடுத்துத் தர அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். குறிப்பேட்டில் சேகரித்தவர் பெயர் என்ற இடத்தில் தன் பெயரைத் தானே எழுதுகிறார், பெரிய எழுத்தில். நான் சனிக்கிழமைதோறும் போய்ச் சலிக்கிறேன், கழுவுகிறேன். யோசித்து முடித்ததாக இதுவரை அவர் சொல்லவில்லை.